தார்ப்பாய்க் கயிற்றுக்கு எந்த இறுக்கி? மழைக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிற்பகல் மூன்று மணி. வீட்டு வாசலில் கட்டிய தார்ப்பாயின் கீழ் விருந்து நடக்கிறது. காலையில் தந்திபோல் இழுத்துக் கட்டிய கயிறு, வெயிலிலும் ஆட்டத்திலும் மெல்லத் தளர்ந்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று காற்று திரும்புகிறது, மழை கொட்டுகிறது. தார்ப்பாயின் நடுவில் நீர் தேங்கிக் குடம்போல் தொங்குகிறது. கயிற்றை இறுக்கலாம் என்று ஓடிப்போய்ப் பார்த்தால், முடிச்சு நனைந்து இறுகிக் கிடக்கிறது. அவிழ்க்கவும் முடியவில்லை, இறுக்கவும் முடியவில்லை.

தோட்டத்திலும் தாமானிலும் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பிறந்தநாள், துக்க வீடு, கோயில் திருவிழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் என எல்லாவற்றிலும் ஒரு தார்ப்பாயும் நான்கு கயிறுகளும் உண்டு. அண்மைக் காலமாக மலையேறும் இளைஞர்கள் இரண்டு மரங்களுக்கிடையே தூளி கட்டி, அதன் மேல் சிறிய தார்ப்பாய் விரித்து இரவு தங்குவதும் கூடியிருக்கிறது. இவர்கள் எல்லாருக்கும் பயன்படக்கூடிய சிறிய பொருள்தான் கயிறு இறுக்கி.

இறுக்கியின் வேலை கயிற்றை அளவுக்கு மீறி இழுப்பது அன்று. தளர்ந்த கயிற்றை, நனைந்த கையால், இருட்டில்கூடச் சில நொடிகளில் மீண்டும் சரிசெய்ய வைப்பதே அதன் வேலை. தேவைப்படும்போது அதே வேகத்தில் அவிழ்க்கவும் முடிய வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் தவறு நேராது.

எவ்வளவு சுமை?

முதலில் சுமையின் கணக்கைப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி தார்ப்பாயின் பரப்பு ஏறக்குறைய 11 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். எடை 1 கிலோ. ஆகவே 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் இந்தத் தார்ப்பாயின் மேல் விழும் நீர் ஏறக்குறைய 110 கிலோ. சரிவாகக் கட்டியிருந்தால் அது வழிந்து ஓடிவிடும். தளர்ந்திருந்தால் நடுவில் தேங்கும். ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரே ஒரு குழியில் 60 கிலோ நீர் நிற்கும். வளர்ந்த மனிதர் ஒருவர் மேலே ஏறிப் படுத்திருப்பதற்கு ஒப்பானது அது.

காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, நேர் எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக அழுத்தும். வேகம் 60 கிலோமீட்டரானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அதாவது ஏறக்குறைய 17 கிலோ. அதே தார்ப்பாய் முழுவதுமாகக் காற்றை எதிர்கொண்டால் 190 கிலோ அளவுக்கு இழுப்பு வரும். ஓரத்தில் வைக்கும் 20 லிட்டர் தண்ணீர்த் தோம்பு ஏன் சில நேரம் தார்ப்பாயோடு சேர்ந்து நகர்கிறது என்பது இப்போது விளங்கும்.

நம் நாட்டில் பருவமழை மாறும் மாதங்களில், குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர் காலத்தில், பிற்பகல் இடி மழை பலத்த காற்றோடு வருவது வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரை மாநிலங்களில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்காற்று வரிசையாக வரும். தீபாவளியை ஒட்டிய நாள்களும் மழைக் காலத்தையே தொட்டு நிற்கின்றன. எனவே தார்ப்பாய் கட்டும் நாளில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முதலில் கயிறு, பிறகு இறுக்கி

பலர் செய்யும் தவறு, இறுக்கியை வாங்கிவிட்டு வீட்டில் கிடக்கும் கயிற்றை அதில் மாட்டுவது. ஒவ்வோர் இறுக்கியும் குறிப்பிட்ட தடிமனுள்ள கயிற்றுக்கென்றே செய்யப்பட்டது. அட்டையில் மில்லிமீட்டர் அளவு போட்டிருப்பார்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் கயிற்றுக்கானதில் 5 மில்லிமீட்டர் கயிறு நுழையாது. பெரியதில் மெல்லிய கயிறு போட்டால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

கயிற்றின் வகையும் முக்கியம்.

ரஃபியா: பொட்டலம் கட்டவும் செடி கட்டவும் ஏற்றது. தார்ப்பாய்க்கு வேண்டாம். நீளவாக்கில் நார் நாராகக் கிழியும். எந்த இறுக்கியிலும் நிற்காது.

கடைகளில் 'நைலான் கயிறு' என்று விற்கும் பச்சை, நீலக் கயிறு: இவற்றில் பெரும்பாலானவை உண்மையில் நைலான் அல்ல, பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். கண்டுபிடிப்பது எளிது. ஒரு துண்டை வெட்டி, நீரில் அமுக்கிக் காற்றுக்குமிழை வெளியேற்றி விடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும். மிதக்கும் வகை விலை மலிவு, நீரை உறிஞ்சாது. ஆனால் வழவழப்பானது என்பதால் முடிச்சும் இறுக்கியும் நழுவும். வெயிலில் சில மாதம் கிடந்தால் மேலே வெள்ளைத் தூள் பூத்து நார் உதிரும். அந்த நிலைக்கு வந்த கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அசல் நைலான்: பலமானது, அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் இழுபடும், நனைந்தால் இன்னும் நீளும். கடைகளில் கிடைக்கும் பாராகார்டு இந்த வகையே. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இதில் கட்டினால் மழை தொடங்கியதும் ஒருமுறை மீண்டும் இறுக்கியே ஆக வேண்டும்.

பாலியெஸ்டர்: நனைந்தாலும் அதிகம் நீளாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். தார்ப்பாயின் இழுகயிற்றுக்கு இதுவே நல்ல தேர்வு.

டைனீமா: மிக மெல்லியது, மிகப் பலமானது, மிகக் குறைவாகவே நீளும். ஆனால் சோப்புப்போல் வழுக்கும். பல முடிச்சுகளும் சாதாரண இறுக்கிகளும் இதில் நிற்பதில்லை. இதற்கென்றே சொல்லி விற்கும் இறுக்கியைத்தான் வாங்க வேண்டும்.

இறுக்கிகளின் வகைகள்

1. முடிச்சு. காசு செலவில்லாத இறுக்கி இது. நகர்த்தி இறுக்கும் முடிச்சு ஒன்றை எல்லாரும் கற்றுவைத்திருக்கலாம். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, உருவான வளையத்துக்குள், நீளக் கயிற்றின் மீது முளையை நோக்கி இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு அதே நுனியை வளையத்துக்கு வெளியே, மேல்பக்கத்தில், நீளக் கயிற்றின் மீது இன்னொரு சுற்றுச் சுற்றி அதன் அடியில் செருகி இறுக்குங்கள். முடிச்சைக் கையால் மேலே தள்ளினால் கயிறு இறுகும். கீழே தள்ளினால் தளரும். சுமை விழும்போது பிடித்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் கயிறுகளில் நன்றாக நிற்கும். வழவழப்பான கயிற்றில் உள்ளே மூன்று சுற்றுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் நழுவினால் கயிற்றை மாற்றுங்கள்.

லாரிகளில் சரக்குக் கட்டுபவர்கள் போடும் முடிச்சும் உண்டு. கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை முளையில் சுற்றி, அந்தக் கண்ணி வழியாகவே திருப்பி இழுப்பார்கள். இது கப்பிபோல் வேலை செய்யும். கணக்குப்படி மூன்று மடங்கு இழுவிசை. உராய்வில் ஒரு பகுதி போனாலும் வெறுமனே கையால் இழுப்பதைவிட நன்றாக இறுகும். முகட்டுக் கயிற்றுக்கு ஏற்றது. மூலைக் கயிற்றுக்கு அவ்வளவு பலம் தேவையில்லை.

2. துளைப் பட்டை. இரண்டு அல்லது மூன்று துளைகள் உள்ள பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் துண்டு. கூடாரம் வாங்கும்போது கயிற்றோடு வருவது பெரும்பாலும் இதுதான். கயிறு ஒரு துளை வழியே போய், முளையைச் சுற்றி, மறு துளையில் முடிச்சிட்டு நிற்கும். பட்டையை நகர்த்தினால் இறுகும். விட்டால் கயிறு வளைந்து பிடித்துக்கொள்ளும். விலை மலிவு, உடைவதற்கும் அதிகம் இல்லை. 3 முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான, சற்றுச் சொரசொரப்பான கயிற்றுக்கு நல்லது. ஒரே குறை: தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது, கயிறு தளரும் நொடியில் பட்டை தானாக நகர்ந்துவிடலாம்.

3. பல்வாய் இறுக்கி. முக்கோண வடிவில், உள்ளே சிறிய பற்கள் உள்ள பிளாஸ்டிக் துண்டு. நுனியை இழுத்தால் இறுகும். பின்பக்கத்தைத் தூக்கினால் உடனே தளரும். 2 முதல் 3 மில்லிமீட்டர் கயிறு போட்ட சிறிய தார்ப்பாய்க்கும், மலையேறுவோருக்கும் மிகவும் வசதியானது. இருட்டில் ஒரு கையாலேயே சரிசெய்யலாம். பற்கள் எப்போதும் ஒரே இடத்தில் கடித்தால் கயிற்றின் மேலுறை தேயும். அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும்.

4. கொக்கி வகைகள். மலையேறும் கொக்கிபோல் மாட்டி, கயிற்றைச் சுழலும் பல்லில் செருகி இழுப்பது ஒரு வகை. ஒன்பது என்ற எண்ணின் வடிவில் உள்ள அலுமினியத் துண்டில் கயிற்றைச் சுற்றிச் செருகுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் முடிச்சே வேண்டாம். முடிச்சுப் போடத் தெரியாதவர்கள் நிறைய பேர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில், தண்ணீர்ப் பந்தல் போன்றவற்றில், இவை கைகொடுக்கும். சுழலும் பல்லில் மணலோ சேறோ சிக்கினால் பிடிப்புப் போய்விடும். நீரில் கழுவிவிட வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் சுமை அளவைக் கட்டாயம் பாருங்கள். சாவிக்கொத்தில் மாட்டும் அலங்காரக் கொக்கிகளும் இவற்றைப்போலவே தோற்றமளிக்கும். அவை சுமைக்கானவை அல்ல.

5. ரப்பர் இழுவை. பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி, தார்ப்பாய்க்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டும் முறை பலருக்குத் தெரியும். கயிறு சற்று நீண்டாலும் ரப்பர் அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளும். காற்று திடீரென்று அடிக்கும்போது அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் ரப்பரை மட்டும் நம்பக்கூடாது. ரப்பருக்கு இணையாக, சற்றுத் தளர்வாக, கயிறு ஒன்றையும் கட்டிவையுங்கள். ரப்பர் அறுந்தாலோ அளவுக்கு மீறி நீண்டாலோ சுமையை அந்தக் கயிறு ஏற்கும்.

6. லாரிப் பட்டை இறுக்கி. கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் அகலப் பட்டை. சரக்குக்கு உரியது, தார்ப்பாய்க்கு வேண்டாம். அதன் பலத்துக்கு முன் தார்ப்பாயின் கண் பிய்ந்துவிடும் அல்லது கம்பு வளைந்துவிடும். இரும்புச் சட்டத்தைக் கனமான பொருளோடு சேர்த்துக் கட்ட மட்டும் பயன்படுத்தலாம்.

கண் பிய்ந்தால் என்ன செய்வது?

மலிவான நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் இருக்கும் அலுமினியக் கண்தான் மிகப் பலவீனமான இடம். இறுக்கி நல்லதாக இருக்க இருக்க, பிய்வது கண்ணாகத்தான் இருக்கும். ஆகவே ஒரு மூலையில் எல்லாப் பலத்தையும் காட்டாமல், ஓரம் நெடுக அதிகக் கயிறுகள் கட்டிச் சுமையைப் பகிர்ந்துவிட வேண்டும். கண் ஏற்கனவே பிய்ந்திருந்தால், வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாய்க்கு உள்பக்கம் வைத்து, அதைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, கழுத்தில் கயிற்றைக் கட்டுங்கள். துளையே போடாமல் புதிய பிடிப்புக் கிடைத்துவிடும்.

எங்கே கட்டுவது?

முளையைத் தார்ப்பாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். கயிறு தரையோடு ஏறக்குறைய 45 பாகை சாய்வில் வர வேண்டும். மணலில் முளை நிற்காது. பைக்குள் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, அந்தப் பையையே புதைத்துவிடுவது நல்ல வழி.

வரிசை வீடுகளில் கேட்டுத் தூணிலோ சுவரில் பதித்த கொக்கியிலோ கட்டலாம். மழைநீர்க் குழாய், தண்ணீர் மீட்டர்க் குழாய், மின்கம்பம் ஆகியவற்றில் கட்டக்கூடாது. மின்கம்பி போகும் இடத்தின் கீழ் இரும்புக் கம்பு நாட்டுவதும் ஆபத்து. காரில் கட்டுவோரும் உண்டு. யாராவது அவசரத்தில் காரை எடுத்தால் பந்தலும் கூடவே போகும்.

கயிறு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். துக்க வீட்டில் இரவெல்லாம் ஆள் வருவார்கள். திருவிழாவில் பிள்ளைகள் ஓடுவார்கள். காவடி எடுப்பவர் கீழே பார்த்து நடக்க மாட்டார். ஒவ்வோர் இழுகயிற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒன்றும் நெஞ்சு உயரத்தில் ஒன்றுமாக வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

தூளிக்கு இந்த இறுக்கி வேண்டாம்

மேலே சொன்ன சிறிய இறுக்கிகள் தூளிக்கு மேலே கட்டும் தார்ப்பாய்க்கு மட்டுமே உரியவை. மனிதர் படுக்கும் தூளியின் கயிற்றில் அவற்றைப் போடக்கூடாது. காரணம் மிக எளிய கணக்கு.

70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் 70 கிலோ இழுப்பு. 15 பாகையானால் 135 கிலோ. 10 பாகையானால் 200 கிலோ. 'தொய்வே இல்லாமல் கட்டலாம்' என்று 5 பாகைக்கு இழுத்துவிட்டால் 400 கிலோ. ஏறும்போதும் இறங்கும்போதும் ஆடும்போதும் அதைவிடக் கூடும். சிறிய பிளாஸ்டிக் இறுக்கி இதற்குத் தாக்குப்பிடிக்காது.

எனவே தூளியைத் தளர்வாக, 30 பாகை சாய்வில் கட்டுவதே சரி. படுக்கவும் அதுவே சுகம். மரத்தைச் சுற்ற, 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலப் பட்டையும், மனித எடைக்கென்று அளவு குறித்த கொக்கியும் வேண்டும். பிள்ளைகளுக்குச் சேலையில் கட்டும் தூளிக்கும் இதே விதிதான். நழுவக்கூடிய எந்தப் பொருளும் அங்கே வேண்டாம்.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பால்மரத்தில் பால் ஓடும் நாளங்கள் பட்டையில்தான் இருக்கின்றன. மெல்லிய கயிறு அழுந்தினால் பட்டை காயப்படும். பால் வெட்டிப் பிழைப்பவருக்கு அது நட்டம். அகலப் பட்டை இல்லாமல் பால்மரத்தைத் தொடக்கூடாது. செம்பனை மரத்தின் கீழ் கட்டவே வேண்டாம். காய்ந்த மட்டையும் பழுத்த குலையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

தூளிக் கயிறு வழியாக மழைநீர் வழிந்து படுக்கைக்குள் வருவதும் உண்டு. தார்ப்பாய்க்குக் கீழே, தூளிக்குச் சற்று முன்னதாக, கயிற்றில் ஒரு துணித் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

வாங்கியதும் சோதியுங்கள்

புதிய இறுக்கியையும் கயிற்றையும் விசேஷ நாளன்று முதல்முறையாகப் பயன்படுத்தக்கூடாது. முதல் நாளே இரண்டு தூண்களுக்கிடையே கட்டி இறுக்குங்கள். கயிற்றில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். வாளி நீரை ஊற்றி நனைத்து, ஐம்பது முறை ஆட்டி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். இறுக்கி அந்தக் கோட்டைவிட்டு நகர்ந்திருந்தால் அந்த இணை சரியில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால் அவிழ்த்துப் பாருங்கள். முடிந்தால் அது உங்களுக்கேற்ற இறுக்கி.

சுருக்கமாகச் சொன்னால், வீட்டு வாசல் தார்ப்பாய்க்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறும் துளைப் பட்டையும் போதும். பலர் சேர்ந்து கட்டும் பந்தலுக்குக் கொக்கி வகை. மலையேறுவோரின் சிறிய தார்ப்பாய்க்கு மெல்லிய கயிறும் பல்வாய் இறுக்கியும். எதுவும் கையில் இல்லாத நாளுக்கு நகர்த்தும் முடிச்சு.

எந்த இறுக்கியாக இருந்தாலும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். விசேஷ வீட்டில் சமையலுக்கு ஒருவர், பந்திக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுப்பதுபோல், கயிற்றுக்கும் ஒருவரை நியமியுங்கள். வானம் கறுத்ததும் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நான்கு மூலையையும் இறுக்கிவிட வேண்டும். காற்று மிஞ்சினால், பந்தியில் இருப்போரை உள்ளே அனுப்பிவிட்டு, தார்ப்பாயை இறக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். சாப்பாடு கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை. ஆள்களின் தலைமேல் கம்பு விழக்கூடாது.